தலை குனிந்து நின்றவன்

அந்தப் பையனின் முகத்தைவிடப் பின்கழுத்துதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உப்புக்காற்றில் கறுத்த கழுத்து. அதன் குறுக்கே உத்தரியத்தின் பழுப்பு நூல். அந்தக் கடற்கரையில் எல்லாப் பிள்ளைகள் கழுத்திலும் அந்த நூல் கிடக்கும். மாதா காப்பாற்றுவாள் என்று தாய்மார் போட்டுவிடுவது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மேசைமேல் ஒரு டேப் ரிக்கார்டர். மேசையருகே பெரிய டீச்சர். அவர் விசையை அமுக்குகிறார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாக ‘வா’ என்கிறது. அவன் கை உயர்கிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி அமுக்குகிறார். மறுபடியும் ‘வா’. மறுபடியும் கை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் ஓரமாக நின்று மற்ற பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் எழுத உட்கார்ந்தது பெரிய டீச்சரைப் பற்றி. ஆனால் அவரை நினைத்தால் அந்தக் கழுத்தும் கூடவே வந்துவிடுகிறது. இருவரையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஆத்தூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். ஆற்றுத் தண்ணீரும் வாழையும் வயலும் பார்த்து வளர்ந்தவள் நான். பயிற்சி முடித்ததும் கிடைத்த முதல் வேலை, தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரின் நடுநிலைப் பள்ளியில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கருவாட்டு வாடை மூக்கில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். தலைமையாசிரியை என் முந்தானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஒரு வாரம் கழிச்சு ஒங்க ஊர் வெத்திலைதான் நாறும், பாருங்க” என்றார். அவர்தான் பெரிய டீச்சர். ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். தூத்துக்குடியில் கப்பல்காரக் குடும்பத்தில் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைச் சேலை. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிடுவார். சிரிக்காத முகம். வாயைத் திறந்தால் நக்கல்.

அந்த டேப் ரிக்கார்டர் அவருடைய தம்பி கொடுத்தது. கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வந்தபோது அக்காள் பாட்டுக் கேட்கட்டுமே என்று வாங்கி வந்திருக்கிறார். செருப்புப் பெட்டி அளவில் தட்டையாக இருக்கும். முன்புறம் பல்வரிசையாக விசைகள். எங்கள் பள்ளியில் கரண்டு கிடையாது. செல் போட்டுத்தான் ஓட வேண்டும். செல் பலம் குறைந்துவிட்டால் உள்ளே பேசும் குரல் இழுபட்டு, பெரிய டீச்சரின் குரலே சம்மாட்டிமார் குரலாகிவிடும். வள்ளத்துச் சொந்தக்காரர்களை அங்கே சம்மாட்டி என்பார்கள். அப்படி ஆகும்போதெல்லாம் அவர் செல்களைக் கழற்றிக் கருவாடு காயப்போடுவதுபோல வெயிலில் வரிசையாக வைப்பார். அது இன்னும் இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்கும்.

பாட்டுக் கேட்க வந்த பெட்டியை அவர் வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு எதையோ போட்டுக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. மேசைக்கடியில் வைத்து, தான் பாடம் நடத்துவதைப் பிடித்தார். பள்ளி விட்டதும், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! “ஏளா, இந்தப் பொம்பள பிள்ளைகளுக்காப் பாடம் நடத்துதா? போர்டுக்குல்லா நடத்துதா” என்றார். நாடாவில் பாதி நேரம் அவர் குரல் சுவரில் மோதித்தான் வந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. கேள்வியைக் கேட்பார்; ஒரு பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். “இத்தனை வருஷமா நானே கேட்டு நானே பாஸாகிட்டு இருந்திருக்கேன்” என்றார். மறுநாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள். பிறகு பின்பெஞ்சுகளிலிருந்துகூடப் பதில் வர ஆரம்பித்தது.

அடுத்து என் முறை. வேண்டாம் டீச்சர் என்று கெஞ்சிப் பார்த்தேன். “ஒங்க கொரலை நீங்க கேக்கப் பயப்படுதீயளே, அந்தப் பிள்ளைகள் நாள்பூரா கேக்குதே, அதுகளுக்கு எப்படி இருக்கும்?” என்று வாயை அடைத்துவிட்டார். கேட்டேன். மூக்கால் பேசும் ஒருத்தி வாய்பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அழுகையே வந்துவிட்டது. பெரிய டீச்சர் அன்றைக்கு நக்கல் செய்யவில்லை. எந்த இடத்தில் நன்றாக இருந்தது என்று தேடி, அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்டதைவிட அந்தச் சாயங்காலங்களில் நான் கற்றுக்கொண்டது அதிகம். பாடம் நடத்துவது என்றால் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்பதுதான் பாதி என்று அந்தப் பெட்டி சொல்லிக் கொடுத்தது.

எட்டாம் வகுப்புப் பாடத்தை ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் சட்டென்று நிறுத்தி, நாடாவைப் பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி ஓட்டினார். “இந்தப் பயலைக் கவனிச்சீயளா?” என்றார். அந்த வகுப்பில் மிகவும் கவனமான பிள்ளை என்று நாங்கள் நினைத்திருந்தவன் அவன். டீச்சர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். அவர் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் குரல் முதலில் வந்தது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டவற்றுக்கு அவன் குரலே இல்லை. ஒன்றுக்குக்கூட இல்லை. பெரிய டீச்சர் பெட்டியை நிறுத்தினார். “அவன் நம்ம வாயைப் பாத்துட்டுல்லா இருந்திருக்கான்” என்றார்.

அந்த ஊரில் காது போவது புதிதல்ல. சங்குக் காலத்தில் ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு எடுப்பார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது, சங்கு இருந்தது. ஆழத்தில் காதை அமுக்கும். சிலருக்கு இரத்தம் வரும், சீழ் ஓடும். தேங்காய் எண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றுவார்கள். பையன்கள் மீசை முளைக்கும் முன்பே அப்பன் கூடப் போய் முங்கிப் பழகுவார்கள். எனவே பலருக்கும் கொஞ்சம் மந்தம் இருக்கும்; ஆனால் ஒருவரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காது சரியாகக் கேட்காதவனை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். தண்ணீரில் கிடப்பவனை மேலேயிருந்து கூப்பிட்டால் அவன் திரும்ப வேண்டும் அல்லவா? அதனால் காதைப் பற்றிய பேச்சே வீட்டுக்கு வீடு மூடி வைத்த பேச்சுதான்.

இந்தப் பையனின் அப்பா, சங்குக்கு முங்குவதில் நல்ல குளிகாரர். முதுகு விழுந்து வீட்டோடு கிடந்தார். அம்மா கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராக அலைந்து நாலு வயிறுகளை நிரப்பினாள். மூத்தவன் இவன்தான். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அப்பன் இடத்தில் வள்ளத்தில் ஏறுவான் என்று வீட்டில் பேச்சு. பெரிய டீச்சருக்கு வேறு எண்ணம் இருந்தது. காது கேட்கவில்லை என்பது மட்டும் உறுதியானால் தூத்துக்குடியில் ஒரு காது டாக்டரிடம் காட்டுவது, தனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிகள் மூலம் ஒரு விடுதியில் சேர்த்து மேலே படிக்க வைப்பது. எல்லாம் மனதுக்குள் முடித்து வைத்திருந்தார். கேட்கிறது என்றால் வள்ளம். கேட்கவில்லை என்றால் பள்ளிக்கூடம். அவனுக்கு முன்னால் இருந்த வழிகள் அவ்வளவுதான்.

அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சோதித்தால் ஊர் அவனுக்குச் செவிடன் என்று பெயர் வைத்துவிடும் என்று யோசித்தார். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் சோதிப்பது என்று முடிவு செய்தார், ஒன்றாம் வகுப்பிலிருந்து. மனிதர் கூப்பிட்டால் வாயசைவு தெரியும். ஒருதரம் கூப்பிட்டதுபோல மறுதரம் கூப்பிடவும் முடியாது. பெட்டிக்கு வாய் கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பேசும். ‘வா’ என்ற ஒரே சொல்லைத் தன் குரலில் பிடித்துவைத்தார். புதுச் செல் வாங்கிப் போட்டார். வெயிலில் காயவைத்தது இதற்கு ஆகாது என்றார். கடைத்தெருச் சத்தமும் மணிச் சத்தமும் தொடங்கும் முன், காலையிலேயே பிள்ளைகளை வரச் சொன்னார். கடல் பார்த்த வாசலைத் திறந்துவைத்து, வட்டத்தைப் போட்டு, “சுவரைப் பாத்து நில்லு. சத்தம் கேட்டா கையைத் தூக்கு” என்பார்.

கேட்ட சொல்லை வாயால் சொல்லச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். “தப்பாச் சொன்னா மத்ததுக சிரிக்கும். கை தூக்குறதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார். அவ்வளவு தூரம் பிள்ளைகளின் மனதை நினைத்துச் செய்தார். பின்னாளில் எங்களைக் கவிழ்த்தது அந்த நல்லெண்ணம்தான் என்பதை எப்படிச் சொல்ல?

சின்ன வகுப்புகளில் இரண்டு மூன்று பிள்ளைகள் கை தூக்காமல் நின்றார்கள். அவர்களைப் பெரிய டீச்சர் சத்தமில்லாமல் முன்பெஞ்சுக்கு மாற்றினார். மக்கு என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பெண்பிள்ளை, முன்னால் வந்த ஒரு மாதத்தில் வாய்பாட்டை ஒப்பித்ததை நானே கேட்டேன். ஊருக்குள் பேச்சுப் பரவியது. டீச்சரிடம் காது பார்க்கும் பெட்டி இருக்கிறது என்றார்கள். ஒருநாள் அவன் அப்பா வேலை பார்த்த வள்ளத்துச் சம்மாட்டியே தோளில் துண்டோடு பள்ளிக்கு வந்துவிட்டார். “டீச்சரம்மா, அந்தப் பயலை நம்ம வள்ளத்துல ஏத்தலாம்னு இருக்கேன். பெட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்” என்றார். பெரிய டீச்சர் திடுக்கிட்டுப் போனார். வகுப்பில் எங்கே உட்காரவைப்பது என்று பார்க்கத்தான் அவர் பெட்டியை வைத்தார். ஊரோ அதை வேறு வேலைக்கு அமர்த்திவிட்டது. “இன்னும் எட்டாங்கிளாஸ் பாக்கல அண்ணாச்சி” என்று அனுப்பிவைத்தார். வராந்தாவில் நின்ற அந்தப் பையன் அந்தப் பேச்சு முழுவதையும், சம்மாட்டியின் வாயிலிருந்து, பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படி வந்ததுதான் அந்தக் காலை. அவன் தலைவாரி, சலவைச் சட்டை போட்டு, பூசைக்குப் போகிறவன்போல வந்திருந்தான். வட்டத்துக்குள் போய் நின்றான். மற்ற பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்றார்கள். இவன் தலையைக் குனிந்துகொண்டான். கூர்ந்து கேட்கிறான் என்று நான் நினைத்தேன். அவர் அமுக்க அமுக்கக் கை உயர்ந்தது. சத்தத்தைக் குறைத்தார், அப்போதும் உயர்ந்தது. இன்னும் குறைத்தார். எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு வந்தபோதும் அவன் கை உயர்ந்தது. மறுநாளும் வரச் சொல்லிச் சோதித்தார். அதே காலை, அதே வட்டம், அதே குனிந்த தலை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“அப்போ நாம நினைச்சது தப்பா டீச்சர்?” என்று கேட்டேன். அவர் விசைகளைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். “என் கண்ணு ஒண்ணு சொல்லுது. பெட்டி ஒண்ணு சொல்லுது. என் கண்ணுக்கு ஆயிரம் ஆசை இருக்கும், அவனைப் படிக்க வைக்கணும்னு. பெட்டிக்கு என்ன ஆசை இருக்கு? அது எதுக்குப் பொய் சொல்லப் போவுது?” என்றார். சம்மாட்டி மறுபடி வந்தபோது, கேட்கிறது என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் சம்மாட்டிக்கு வேண்டியது குரல் அல்ல, பதில். அன்று சாயங்காலமே அவன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அழுதாள். மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் இருந்த இடத்தைப் பெரிய டீச்சர் வெகுநாள் காலியாகவே விட்டுவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் அவனைப் பார்ப்பேன். புதுச் சாரம் கட்டி, பெரிய ஆள்போல நிற்பான். “என்னல, எப்படி இருக்கு வேலை?” என்று டீச்சர் கேட்பார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே, “நல்லா இருக்கு டீச்சர்” என்பான்.

தவக்காலத்தில் ஒருநாள், மத்தியானப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது துக்கமணி அடித்தது. அந்த ஊரில் மணி ஒன்றொன்றாக விட்டு விட்டு விழுந்தால் எல்லாப் பெண்களும் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். நாங்களும் ஓடினோம். நடந்ததைக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அவன் சங்கோடு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். பின்னாலிருந்து ஒரு விசைப்படகு வந்திருக்கிறது. அப்போதுதான் அந்தக் கடலில் விசைப்படகுகள் பெருகத் தொடங்கியிருந்தன. எஞ்சின் சத்தத்தில் தண்ணீரில் கிடந்த மற்றவர்கள் விலகிவிட்டார்கள். வள்ளத்தில் இருந்தவர்கள் இவனைப் பார்த்துக் கத்தினார்கள். சம்மாட்டி தொண்டை கிழியக் கத்தினாராம். “திரும்பவே இல்லையே டீச்சரம்மா. எங்களுக்கு முதுகைக் காட்டிட்டே நின்னானே” என்று மணலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டார். பெரிய டீச்சர் அழவில்லை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவன் அம்மாவிடம் போனோம். என்ன வசவு விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று பெரிய டீச்சர் போனார் என்று நினைக்கிறேன். அவள் வையவில்லை. டீச்சர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். “அவனுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ரெண்டு வருஷமாத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? மாதாகிட்ட நேர்ந்துகிட்டே இருந்தேன். ஒங்க பெட்டி கேக்குன்னு சொன்ன அன்னைக்கு, மாதா காதைத் தொறந்துட்டாள்னு நெனைச்சேன். மறுநாளே கெபிக்கு வெள்ளிக் காது போட்டேன்” என்றாள். அந்தக் கடற்கரையில் உடம்பில் எந்த உறுப்புக் குணமானாலும் அந்த உறுப்பின் வடிவத்தை வெள்ளித் தகட்டில் செய்து மாதாவுக்குக் காணிக்கை வைப்பார்கள். போகும் வழியில், குகைபோலக் கட்டி மாதா சிலை வைத்திருந்த கெபியில் பார்த்தோம். கண், கால், கை என்று மங்கிப்போன தகடுகளுக்கு நடுவே ஒரு புதுக் காது, வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு தொங்கியது. பெரிய டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சில நாள் கழித்து என்னைக் காலையிலேயே வரச் சொன்னார். வகுப்பில் மேசை, பெட்டி, வட்டம் எல்லாம் முன்போலவே இருந்தன. வாசல் திறந்திருந்தது. “நீங்க அமுக்குங்க. நான் நிக்கேன்” என்றார். வட்டத்துக்குள் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அமுக்கினேன், அவர் குரலே ‘வா’ என்றது, கையைத் தூக்கினார். அப்படி இரண்டு மூன்று தடவை. பிறகு தலையைக் குனிந்தார், அவன் குனிந்ததுபோல. நான் விசைக்குக் கையைக் கொண்டுபோனேன்; இன்னும் அமுக்கவில்லை. அவர் கை உயர்ந்துவிட்டது.

“டீச்சர், நான் இன்னும் அமுக்கலியே” என்றேன்.

“இங்கன வந்து பாருங்க” என்றார். போய் அவர் பக்கத்தில் நின்றேன். கடலிலிருந்து சாய்ந்து வந்த காலை வெயில் வாசல் வழியாக அறையின் குறுக்கே நீளமாகக் கிடந்தது. மேசையின் நிழலும் அதன்மேல் இருந்த பெட்டியின் நிழலும் வட்டத்தின் ஓரம்வரை வந்திருந்தன. இன்னொரு கை அந்தப் பெட்டிக்குப் போனால், அதன் நிழல் கால்மாட்டில் வந்து விழும். சின்னப் பிள்ளைகள் சுவரைப் பார்க்கச் சொன்னால் சுவரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். எங்களுடைய வாயிலிருந்து பாடம் படித்தவனுக்கு நிழலிலிருந்து ஒரு விரலைப் படிப்பதா கஷ்டம்? பெரிய டீச்சர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். “எம்மாடி, எவ்வளவு கூர்மையாப் பாத்திருக்கான் பாருங்க. எவ்வளவு புத்தி!” என்றார். அதன் பிறகுதான் அழுதார். பள்ளி மணி அடிக்கும்வரை அழுதார்.

அவர் பெட்டியைக் கடலில் எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவர் செய்யவில்லை. அடுத்த ஜூனில் மறுபடியும் பிள்ளைகளைச் சோதித்தார். வாசலைச் சாத்தினார். பிள்ளையின் கண்ணைத் தன் முந்தானையால் கட்டினார். கேட்ட சொல்லை, மற்றவர்களுக்குக் கேட்காமல், தன் காதில் வந்து சொல்லச் சொன்னார். நடுநடுவே பெட்டியைச் சும்மா விட்டுவிட்டு, கை உயர்கிறதா என்று பார்த்தார். பெட்டி கேட்கிறது என்று சொன்ன பிள்ளையையும் பல நாள் வகுப்பில் கண்ணில் வைத்துக் கவனித்தார். சம்மாட்டிமார் வந்து கேட்டால், “அது பள்ளிக்கூடத்துப் பெட்டி அண்ணாச்சி, கடலுக்கு ஆகாது” என்று திருப்பி அனுப்பினார். இன்னொன்றும் மாறியது. ‘வா’ என்று தன் குரலில் பிடித்திருந்ததை அழித்துவிட்டு, வேறு வேறு சொற்களை என்னைச் சொல்லச் சொல்லிப் பிடித்தார். “இனிமே என் கொரல்ல ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்” என்றார். நக்கலும் அன்றோடு போய்விட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்தி வரும் புது டீச்சர்களிடம்கூட அவர் அதன்பின் ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. நானும் தலைமையாசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

போன மாதம் என் மகள் என்னைத் திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் டிவியை அலற விடுகிறேன், போனில் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறேன் என்று அவளுக்குக் கோபம். எனக்கு ஒன்றுமில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நான் சண்டை போட்டுக்கொண்டே போனேன். கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரு பெண் சொன்னாள்: “சத்தம் கேட்டா கையத் தூக்குங்க ஆச்சி.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதலில் சத்தங்கள் தெளிவாகக் கேட்டன. தூக்கினேன். பிறகு தேய்ந்து தேய்ந்து மெலிந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ அமுக்கும்போதெல்லாம் அவளுடைய வலது தோள் இலேசாக இறங்கியது. அது இறங்கியதும் என் கை உயர்ந்தது. கேட்டுத் தூக்கினேனா, பார்த்துத் தூக்கினேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எவ்வளவு இனித்தது தெரியுமா? எனக்கு இழக்க என்ன இருக்கிறது? வள்ளமா, நாலு வயிறுகளா? ஒரு சின்னக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கே என் கை பொய் சொன்னது.

காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் தட்டி அவளைக் கூப்பிட்டேன். “ஏளா, நீ அமுக்குறது எனக்குத் தெரியுது. நாற்காலியத் திருப்பிப் போடு” என்றேன். அவள் வெட்கத்தோடு திருப்பிப் போட்டாள். கழற்றியதை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், அவளுக்கு முதுகைக் காட்டி. கண்ணையும் மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். தோளில் ஒரு கை பட்டது.

“இவ்வளவு நேரமும் சத்தம் குடுத்துட்டுத்தான் இருக்கேன் ஆச்சி. கேக்கலியா?” என்றாள். குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, “கேக்கல” என்றேன்.

சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருந்தது. பதினாலு வயதில் அவன் அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். சொன்னால் அவனுக்காகக் காத்திருந்த டாக்டரும் விடுதியும் படிப்பும் அவனுக்குத் தெரியாது. பெரிய டீச்சர் அவற்றையெல்லாம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார். அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.